முகம் காட்டாத சூனியக்காரி

சொற்பப் பணத்தில் எடுத்த ஓர் அமெரிக்கப் பேய்ப் படம், 1999-ஆம் வருஷத்துக் கோடையில் ரஸிகர்களை இரண்டு கட்சிகளாகப் பிரித்த வரலாறு

படம் முடிந்து கொட்டகையில் விளக்குகள் எரிந்தபோது, அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்து ஒரே திரையைப் பார்த்திருந்த இருவரில் ஒருவர் வீட்டுக்குப் போகும் வழியிலுள்ள இருட்டை நினைத்து எழுந்திருக்கவே தயங்க, மற்றவர் டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் வீணாயிற்றே என்று உரக்கச் சலித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார் என்றால், அந்தப் படத்தில் ஏதோ விசேஷம் இருக்கவேண்டும் என்று எண்ணுவதில் பிசகில்லை. 1999-ஆம் வருஷத்து ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அமெரிக்காவின் பட்டணங்கள்தோறும் இவ்விரு வகை மனிதரையும் ஒருங்கே உண்டாக்கிய படம் 'தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்'. 81 நிமிஷம் ஓடும் அந்தப் படத்தில் சூனியக்காரி ஒருத்தியைப் பற்றிய பேச்சு ஆரம்பம் முதல் முடிவுவரை நடக்கிறதே யொழிய, அவளுடைய நிழல்கூடத் திரையில் விழுவதில்லை. படப்பிடிப்புக்கு ஆன செலவு 35,000 டாலரிலிருந்து 60,000 டாலருக்குள் என்று சொல்லப்படுகிறது. உலகெங்கும் அது ஈட்டிய வசூலோ ஏறக்குறைய 24 கோடியே 80 லட்சம் டாலர்.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கண்டு வியந்தவர்கள், அதை அதிர்ஷ்டம் என்றும், விளம்பரத்தின் தந்திரம் என்றும், ஏமாளி ஜனங்களின் பேதைமை என்றும் பலவிதமாக வியாக்கியானம் செய்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் விஷயத்தின் மூலம் வேறிடத்தில் இருக்கிறது. பயங்கரப் படம் எடுப்பவர் வழக்கமாகப் பயத்துக்குரிய உருவத்தைத் தாமே தயாரித்து, தக்க சமயத்தில் திரையில் நிறுத்தி, பார்ப்பவரைத் திடுக்கிடச் செய்கிறார். இப்படத்தை எடுத்தவர்களோ, கையில் பணமில்லாத காரணத்தாலும், அதைக் காட்டிலும் முக்கியமாக ஒரு கொள்கையினாலும், அந்த வேலையின் கடைசிப் பகுதியைப் பார்வையாளரிடமே விட்டுவிட்டார்கள். அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டவர்கள் நடுங்கினார்கள். ஏற்க மறுத்தவர்கள் தாங்கள் ஏமாற்றப்பட்டதாகக் கோபித்தார்கள். இரு சாராருமே தத்தம் அனுபவத்தை உள்ளபடி சொன்னவர்கள்தாம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் இந்தச் சரித்திரம் விளங்கும்.

கட்டி எழுப்பிய ஐதிகம்

ஃபுளோரிடா மாகாணத்து மத்திய ஃபுளோரிடா சர்வகலாசாலையில் சினிமா பயின்ற டேனியல் மிரிக், எடுவார்டோ சான்செஸ் என்ற இரு நண்பர்கள், தங்களைச் சிறுவயதில் உண்மையாகவே அச்சுறுத்தியவை எவை என்று 1993-ஆம் வருஷ வாக்கில் பேசிக்கொண்டிருந்தபோது, கோரமான முகமூடிகளும் ரத்தக் குழம்பும் நிறைந்த கதைப் படங்களைவிட, அமானுஷ்ய சம்பவங்களை ஆராய்வதாகச் சொல்லிக்கொண்டு வந்த செய்திப்படப் பாணி நிகழ்ச்சிகளே தங்கள் தூக்கத்தைக் கெடுத்தன என்ற முடிவுக்கு வந்தார்கள். செய்தி என்று நினைத்துப் பார்க்கும் ஒன்றின் எதிரே, இது கதைதானே என்று மனம் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் செல்லுபடியாவதில்லை. அந்த ஆறுதலைப் பறிப்பதே தங்கள் படத்தின் முதற்காரியமாக இருக்கவேண்டுமென்று அவர்கள் தீர்மானித்தார்கள். கிரெக் ஹேல் முதலிய தோழர்களுடன் சேர்ந்து அவர்கள் ஏற்படுத்திய ஹாக்ஸான் பிலிம்ஸ் என்ற சிறு கம்பெனியின் பெயரே, பெஞ்சமின் கிறிஸ்டென்ஸன் 1922-இல் வெளியிட்ட, சூனியக்காரிகளைப் பற்றிய பழைய மௌனப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டதாகும்.

படத்துக்கு முன்பாக அவர்கள் சிருஷ்டித்தது ஓர் ஸ்தல புராணம். மேரிலாந்து மாகாணத்தில் பர்கிட்ஸ்வில் என்று ஒரு சிற்றூர் மெய்யாகவே உண்டு. அந்த ஊர் தோன்றுமுன் அங்கே பிளேர் என்ற கிராமம் இருந்ததாகவும், 1785-இல் எல்லி கெட்வர்டு என்னும் ஸ்திரீ குழந்தைகளிடம் ரத்தம் எடுத்தாள் என்ற குற்றச்சாட்டின்பேரில் கடுங்குளிரில் காட்டுக்குள் துரத்தப்பட்டதாகவும், அதன்பின் அவள்மேல் பழி சொன்னவர்களும் ஊர்க் குழந்தைகளில் பாதிப்பேரும் மறைந்துபோனதாகவும், 1940-களின் தொடக்கத்தில் ரஸ்டின் பார் என்ற காட்டுவாசி ஏழு குழந்தைகளைக் கொன்றுவிட்டு, ஒரு கிழவியின் ஆவி ஏவியதால் செய்தேன் என்று வாக்குமூலம் கொடுத்துத் தூக்கிலேறியதாகவும் அவர்கள் எழுதி வைத்தார்கள். பிளேர் கிராமமும் பொய், கெட்வர்டும் பொய், ரஸ்டின் பாரும் பொய். ஆனால் ஊர், பேர், வருஷம் என்ற மூன்றும் சேர்ந்தால் எந்தக் கட்டுக்கதைக்கும் ஒரு கௌரவம் வந்துவிடுகிறது. இதில் அவர்கள் காட்டிய இன்னொரு சாமர்த்தியம், இந்தப் புராணம் முழுவதையும் படத்துக்குள் திணிக்காமல் இருந்தது. படத்தில் ஊர் ஜனங்கள் ஆளுக்கொரு துண்டாக, ஒருவர் சொல்வதற்கும் மற்றவர் சொல்வதற்கும் முழுப் பொருத்தமின்றிப் பேசுகிறார்கள். கிராமத்துக் கதைகள் இப்படித்தான் காதுக்கு வருகின்றன. எட்டாத பாகத்தை இட்டு நிரப்புவது கேட்பவரின் பொறுப்பு.

எட்டு நாள் வனவாசம்

கதை சுருக்கமானது. சூனியக்காரியைப் பற்றிச் செய்திப்படம் எடுக்க 1994-ஆம் வருஷம் அக்டோபரில் காட்டுக்குள் போன மூன்று மாணவர்கள் திரும்பவில்லை. அவர்கள் எடுத்த படச்சுருள்கள் மட்டும் ஒரு வருஷம் கழித்து அகப்பட்டன. நீங்கள் காணப்போவது அதுவே. இவ்வளவுதான் முதல் திரையெழுத்து தெரிவிப்பது. ஹெதர் டோனஹ்யூ, ஜோஷுவா லெனார்ட், மைக்கேல் வில்லியம்ஸ் என்ற பெயர் தெரியாத மூன்று நடிகர்கள் தங்கள் சொந்தப் பெயர்களிலேயே அந்த மாணவர்களாக நடித்தார்கள். நடித்தார்கள் என்று சொல்வதுகூட முழுமையாகாது. ஹெதரின் கையில் ஒரு சாதாரண வீடியோக் கேமராவும், ஜோஷுவாவின் தோளில் கறுப்பு-வெள்ளைச் சுருள் போட்ட 16 மில்லிமீட்டர் கேமராவும், மைக்கேலின் வசம் ஒலிப்பதிவுக் கருவியும் கொடுக்கப்பட்டபடியால், நடிகர், ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், வசனகர்த்தா ஆகிய எல்லா உத்தியோகங்களையும் அம்மூவரே வகித்தார்கள்.

1997-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், மேரிலாந்திலுள்ள ஸெனிகா கிரீக் வனப் பூங்காவில் பெரும்பகுதிப் படப்பிடிப்பு எட்டு நாட்களில் முடிந்தது. சுமார் 35 பக்கத்தில் சம்பவங்களின் வரிசை மட்டும் எழுதப்பட்டிருந்ததே தவிர, வசனம் என்று ஒன்று எழுதப்படவில்லை. திசைகாட்டும் ஜிபிஎஸ் கருவியின் உதவியால் ஒவ்வொரு நாளும் இன்ன இடத்தை அடையவேண்டும் என்று நடிகர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும். அங்கே ஒரு பால் கூடை வைக்கப்பட்டிருக்கும். அதில் அன்றைய உணவும், மின்கலங்களும், படச்சுருள் டப்பியில் ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனியே மடித்து வைத்த குறிப்புச் சீட்டுகளும் இருக்கும். ஒருவர் சீட்டை மற்றவர் படிக்கலாகாது. ஒருவருக்கு 'இன்று நீ திரும்பிப் போகப் பிடிவாதம் செய்' என்ற கருத்திலும், மற்றவருக்கு 'எது வந்தாலும் விட்டுக்கொடுக்காதே' என்ற கருத்திலும் ஏற்பாடு இருக்கும்போது, சண்டை தானாகவே மூள்கிறது. இயக்குநர்கள் கண்ணில் படாமல் கொஞ்ச தூரத்தில் மறைந்து தொடர்ந்தார்கள்.

நாளாக நாளாகக் கூடையிலிருந்த உணவு வேண்டுமென்றே குறைக்கப்பட்டது. பகலெல்லாம் நடந்து களைத்தவர்கள் இரவில் கண்ணயர்ந்ததும், இருளிலிருந்து சுள்ளிகள் முறியும் ஓசை எழும். ஒலிநாடாவில் பதிந்து வைத்த குழந்தைக் குரல்கள் கேட்கும். ஓரிரவில் கூடாரமே பிடித்து உலுக்கப்பட்டது. ராணுவப் பயிற்சி பெற்றிருந்த ஹேல், சிப்பாய்களைக் களைப்பாலும் பசியாலும் தூக்கமின்மையாலும் சோதிக்கும் முறையை அறிந்தவராதலால், அந்த ஞானம் இங்கே பயன்பட்டது. வேஷத்தைக் கலைத்துச் சொந்த மனிதராகப் பேசவேண்டிய அவசியம் நேர்ந்தால் சொல்வதற்கென்று 'டாக்கோ' என்ற தின்பண்டத்தின் பெயர் அடையாளச் சொல்லாக வைக்கப்பட்டிருந்தது. கதையின் பிற்பகுதியில் ஹெதர் அவிழ்த்துப் பார்க்கும் துணி மூட்டையில் இருந்தவை நிஜமான மனிதப் பற்கள். சான்செஸுக்குத் தெரிந்த பல் வைத்தியரிடமிருந்து அவை வாங்கப்பட்டன. இப்படியாகச் சேர்ந்த சுமார் இருபது மணி நேரப் படத்தை மாதக்கணக்கில் வெட்டி ஒட்டி 81 நிமிஷத்துக்குக் கொண்டுவந்தார்கள். நிபுணர் பேட்டிகளையும் போலீஸ் விசாரணைகளையும் இடையிடையே கோப்பது என்ற முதல் திட்டம் கைவிடப்பட்டு, காட்டில் எடுத்த பகுதி மாத்திரமே நின்றது.

கண்ணுக்குக் கிட்டாதது

இந்த முறையின் பலனைத் திரையில் பார்க்கும்போதுதான் அதன் நுட்பம் புலனாகிறது. கதைப் படங்களில் கேமரா, எல்லாம் அறிந்த ஒரு சாட்சியைப் போல், ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முன்கூட்டியே திரும்பி நமக்கு எச்சரிக்கை செய்கிறது. இங்கே கேமராவைப் பிடித்திருப்பவரே பயந்தவர் ஆகையால், அவர் ஓடும்போது நாமும் ஓடுகிறோம், அவருடைய கைவிளக்கின் வட்டத்துக்கு அப்பால் அவருக்குத் தெரியாதது நமக்கும் தெரிவதில்லை. இப்போது பயம் வரப்போகிறது என்று முன்னறிவிக்கும் பின்னணி வாத்தியமும் படத்தின் ஓட்டத்தில் இல்லாமற் போனபடியால், ஒவ்வொரு சலசலப்புக்கும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியதாகிறது. ஒரு காட்சியில், இருளில் எதையோ கண்டு அலறிக்கொண்டு ஓடும் ஹெதர் 'அது என்ன?' என்று கூவுகிறாள். கேமரா அந்தத் திசைக்குத் திரும்புவதே இல்லை. அந்த இடத்தில் நிரப்பவேண்டிய உருவத்தை ஒவ்வொரு பார்வையாளரும் தத்தம் குழந்தைப்பிராய நினைவிலிருந்து எடுத்துப் பொருத்திக்கொள்ள வேண்டியதுதான். ஹாலிவுட்டின் எந்தச் சிற்பியும் ஆயிரம் பேருக்கு ஆயிரம் வெவ்வேறு பேய்களைச் செய்துகொடுக்க முடியாது.

இதற்கு எதிரிடையான உதாரணம் அதே ஜூலையில் வெளிவந்தது. எட்டுக் கோடி டாலர் செலவில் தயாரான 'தி ஹாண்டிங்' என்ற படத்தில், கம்ப்யூட்டர் வித்தையால் சுவர்கள் மூச்சு விட்டன, சிற்பங்கள் உயிர்பெற்றன, பேய் தன் முழு ஆகிருதியோடு எழுந்து நின்றது. அதைப் பார்த்தவர்கள் செலவை மெச்சினார்களே யன்றிப் பயப்படவில்லை என்று விமரிசகர்கள் பலர் எழுதினார்கள். முழுவதும் காட்டப்பட்ட பேய்க்கு ஓர் அளவு ஏற்பட்டுவிடுகிறது. அளவு தெரிந்த பொருளைக் கண்டு மனிதன் நெடுநேரம் அஞ்சுவதில்லை.

காணாமற்போனோர் அறிவிப்பு

1999-ஆம் வருஷம் ஜனவரியில் யூட்டா மாகாணத்து சன்டான்ஸ் திரைப்பட விழாவில் நள்ளிரவுக் காட்சியாக இப்படம் முதன்முதலில் காட்டப்பட்டது. பொழுது விடியுமுன்பே ஆர்ட்டிஸன் என்ற விநியோகக் கம்பெனி சுமார் 11 லட்சம் டாலருக்கு அதைப் பேசி முடித்துவிட்டது. அதற்கு முன்பே 1998-இல் ஜான் பியர்ஸன் தமது டெலிவிஷன் நிகழ்ச்சியில் இதன் துணுக்குகளைக் காட்டி, இது நிஜமோ என்ற சந்தேகத்தைக் கிளப்பியிருந்தார். அவ்வருஷமே தொடங்கிய இணையத்தளத்தில், போலீஸ் புகைப்படங்கள் போன்றவையும், கெட்வர்டு காலந்தொட்டு வரும் சம்பவ அட்டவணையும், மூன்று மாணவர்களின் பால்யகாலப் படங்களும் வைக்கப்பட்டிருந்தன. விழாவிலும் கல்லூரி வட்டாரங்களிலும் 'காணவில்லை' என்ற தலைப்பில் மூவரின் முகங்களோடு துண்டுப் பிரசுரங்கள் விநியோகிக்கப்பட்டன. திரைப்பட விவரங்களைத் தொகுத்துத் தரும் பிரபல தளத்திலேயே அம்மூவரும் இறந்திருக்கலாம் என்று குறிப்பு இருந்தது. வெளியீட்டை ஒட்டி ஸை-ஃபை சேனலில் ஒளிபரப்பான 'கர்ஸ் ஆப் தி பிளேர் விட்ச்' என்ற நிகழ்ச்சியில், படத்திலிருந்து நீக்கப்பட்ட பேட்டிகளும் போலிச் சரித்திர ஆவணங்களும் இடம்பெற்று, புராணம் முழு வடிவம் பெற்றது.

பொய்ச் சம்பவத்தை மெய்யெனக் காட்டும் முயற்சி புதியதன்று. 1980-இல் இத்தாலியில் ருக்கேரோ டியோடாட்டோ இயக்கிய 'கானிபல் ஹோலோகாஸ்ட்' படத்தைப் பார்த்தவர்கள், நடிகர்கள் மெய்யாகவே கொல்லப்பட்டார்கள் என்று எண்ணியதால், அந்த இயக்குநர் அவர்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டிவந்தது. ஆனால் இணையம் அப்போதுதான் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலமாகையால், 1999-இல் அதில் எழுதியிருப்பதைச் சரிபார்க்கும் பழக்கமும் ஜனங்களுக்கு இன்னும் வரவில்லை. சந்தேகம் கொண்டவர் தேடப்போனாலும், தேடிய இடத்திலெல்லாம் கம்பெனி வைத்த தடயமே எதிர்ப்பட்டது. நம்பியவர்களைப் பேதைகள் என்று சொல்வது நியாயமாகாது. அவர்கள் விசாரித்துவிட்டே நம்பினார்கள்.

ஜூலை மத்தியில் 27 கொட்டகைகளில் வெளியான படம், அந்த முதல் வார இறுதியில் மட்டும் சுமார் 15 லட்சம் டாலர் ஈட்டியது. டிக்கெட் கிடைக்காமல் திரும்பிய கூட்டமே அடுத்த பிரசாரமாயிற்று. ஜூலை 30-ஆம் தேதி ஆயிரத்துக்கு மேற்பட்ட கொட்டகைகளில் வெளியானபோது மூன்று நாட்களில் 2 கோடியே 90 லட்சம் டாலர் வந்து விழுந்தது. அமெரிக்காவில் மட்டும் மொத்த வசூல் 14 கோடியைத் தாண்டிற்று.

இரண்டு தீர்ப்புகள்

விமரிசகர்களில் பெரும்பாலோர் புகழ்ந்தார்கள். சிகாகோ நகரத்து ரோஜர் ஈபர்ட், தாம் கொடுக்கக்கூடிய அதிகபட்ச மதிப்பான நான்கு நட்சத்திரங்களையும் கொடுத்தார். ஆனால் கொட்டகையை விட்டு வெளிவரும் ஜனங்களிடம் அபிப்பிராயம் கேட்டு மதிப்பெண் தொகுக்கும் சினிமாஸ்கோர் என்ற ஸ்தாபனத்தின் கணக்கில் இப்படத்துக்குக் கிடைத்தது 'சி பிளஸ்' மட்டுமே. சராசரியைச் சற்றே எட்டிய மாணவனுக்குக் கொடுக்கும் மதிப்பெண் அது. ஆடிக்கொண்டே இருக்கும் கைக்கேமராவின் காட்சிகள் தலைச்சுற்றலையும் குமட்டலையும் உண்டாக்கியதால், சில கொட்டகைகளில் முன்னெச்சரிக்கை அறிவிப்புகள் வைக்கவேண்டி வந்தது. பயத்தினால் வெளியேறியவர்கள் எத்தனை பேர், வயிற்றைப் புரட்டியதால் வெளியேறியவர்கள் எத்தனை பேர் என்று பிரித்தறிவது கடினம்.

இந்தப் பிளவுக்குக் காலமும் ஒரு காரணம். முதல் இரண்டு வாரங்களில், நகரத்துச் சில கொட்டகைகளில், பாதி நம்பிக்கையும் பாதி சந்தேகமுமாகப் போனவர்கள் பார்த்ததும், ஆகஸ்டு மாதத்தில் டைம், நியூஸ்வீக் என்ற இரண்டு பெரும் வாரப் பத்திரிகைகளும் அட்டைப்படம் போட்டுக் கொண்டாடியபின், உலகத்திலேயே மிகப் பயங்கரமான படம் என்ற எதிர்பார்ப்போடு போனவர்கள் பார்த்ததும் ஒரே படச்சுருள்தான் என்றாலும், இரண்டும் ஒரே அனுபவம் ஆகமாட்டா. முன்னவர்கள், கிட்டாதோ என்ற ஏக்கத்தோடு டிக்கெட் வாங்கினார்கள். பின்னவர்கள், காட்டு பார்க்கலாம் என்ற சவாலோடு அமர்ந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவருக்குத் தாமே உழைத்துப் பயத்தை உண்டுபண்ணிக்கொள்ள என்ன அவசியம்? மூன்று பேர் காட்டில் வழிதவறிச் சண்டையிடுவதையும், ஒருவன் வரைபடத்தை ஓடையில் உதைத்துத் தள்ளியதை ஒப்புக்கொள்வதையும், நாளெல்லாம் தெற்கே நடந்தும் புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்பதையும் மாத்திரமே அவர் கண்டார். அவ்வளவுதான் திரையில் இருந்ததும்.

படத்தின் முடிவைப் பற்றிய தகராறு இதற்கு நல்ல திருஷ்டாந்தம். காட்டின் நடுவே பாழடைந்த வீட்டின் நிலவறையில் மைக்கேல் சுவர் மூலையைப் பார்த்தபடி அசையாமல் நிற்கிறான், ஹெதரின் கேமரா கீழே விழுகிறது, படம் முடிகிறது. விலைக்கு வாங்கிய கம்பெனியார், ஜனங்களுக்கு இது புரியாது என்று அஞ்சி, வேறு சில முடிவுகளையும் படமாக்கப் பணம் கொடுத்தார்கள். எடுத்துப் பார்த்தபின் பழைய முடிவே நின்றது. அதற்குப் பதிலாக, ரஸ்டின் பார் ஒரு குழந்தையைக் கொல்லும்போது மற்றக் குழந்தையை மூலையில் முகம் திருப்பி நிற்க வைப்பானென்று ஊரார் ஒருவர் சொல்லும் சிறு பேட்டி மட்டும் முன்பகுதியில் சேர்க்கப்பட்டது. அந்த ஒரு வாக்கியத்தைக் கவனித்து நினைவில் வைத்திருந்தவர்களுக்கு இறுதிக் காட்சி ரத்தத்தை உறையவைத்தது; நொறுக்குத் தீனிப் பொட்டலத்தில் கவனமாயிருந்தவர்களுக்கு ஒருவன் சுவரைப் பார்த்து நிற்கிறான், அவ்வளவே.

விருதுகளிலும் இதே இரட்டைத் தீர்ப்பு பிரதிபலித்தது. 5 லட்சம் டாலருக்குக் குறைந்த செலவில் எடுத்த முதற்படங்களுக்கான இன்டிபென்டன்ட் ஸ்பிரிட் பரிசு இதற்குக் கிடைத்தது. கேலிக்காக வழங்கப்படும் ராஸி பட்டியலில் அவ்வருஷத்தின் மிக மோசமான நடிகை என்ற பட்டம் ஹெதர் டோனஹ்யூவுக்குக் கட்டப்பட்டது. அந்தப் பெண் மூக்கு ஒழுக, கண்ணீர் வழிய, பாதி முகம் மட்டும் தெரியும்படி கேமராவைப் பிடித்துக்கொண்டு தாய்மார்களிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சியே படத்தின் முத்திரையாகி, பின்னர் எத்தனையோ நகைச்சுவைப் படங்களில் பரிகசிக்கப்பட்டது. மெய்யாகவே பயந்த மனிதரின் முகம் அழகாக இராது என்பதை மறந்தவர்களின் பரிகாசம் அது. பிடிவாதமாகக் கேமராவைக் கீழே வைக்க மறுத்துத் தலைமை தாங்குபவள் ஒரு பெண்ணாக இருந்ததும் அந்த வெறுப்புக்கு எண்ணெய் வார்த்தது என்று கருத இடமுண்டு.

பர்கிட்ஸ்வில் பட்ட பாடு

இருநூறு பேருக்கும் குறைவான ஜனத்தொகை கொண்ட பர்கிட்ஸ்வில், படத்தில் தோன்றும் சில நிமிஷங்களுக்கு அனுபவித்த தண்டனை சிறிதன்று. காட்டுக் காட்சிகள் அந்த ஊரில் எடுக்கப்படவே இல்லை. இறுதிக் காட்சியின் பாழ்வீடும் பட்டாப்ஸ்கோ பள்ளத்தாக்கில் வேறொரு பூங்காவில் இருந்தது. ஆயினும் ரஸிகர்கள் வண்டி வண்டியாக வந்து ஊர்ப்பெயர்ப் பலகைகளைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், இடுகாட்டில் சுற்றினார்கள், காணாமற்போன மாணவர்களைத் தேட உதவுவதாகச் சிலர் அதிகாரிகளுக்குத் தகவல் அனுப்பினார்கள். கதையென்று தெரிந்தபின்னும் வந்தவர்கள் உண்டு என்பதுதான் கவனிக்கத்தக்கது. நம்பிக்கை கலைந்தாலும், நம்பிய நாட்களின் ருசி சிலரை விடவில்லை.

நம்பிக்கை போன பிறகு

நம்பிக்கையே முதற்காரணம் என்றால், ரகசியம் வெளியானபின் இந்த வகைப் படங்கள் அத்தோடு அழிந்திருக்கவேண்டும். 2000-ஆம் வருஷத்து அக்டோபரில் அவசர அவசரமாக ஒன்றரைக் கோடி டாலர் செலவில் வெளிவந்த 'புக் ஆப் ஷேடோஸ்' என்ற இரண்டாம் பாகம் முதற்படத்தின் வசூலில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அதில் வழக்கமான கதைப்பட உத்திகளும், கண்ணுக்குத் தெரியும் ரத்தமும் சேர்க்கப்பட்டிருந்தன. ஜனங்களுக்குச் செய்யவேண்டிய வேலை எதுவும் மிச்சம் வைக்கப்படவில்லை.

மாறாக, ஓரன் பெலி என்பவர் கலிபோர்னியாவின் ஸான் டியேகோ நகரிலுள்ள தமது சொந்த வீட்டிலேயே, சுமார் 15,000 டாலரில் எடுத்த 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' 2009-இல் வெளியானபோது, அது கட்டுக்கதை என்பது கொட்டகைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். படுக்கையறையின் மூலையில் அசையாமல் நிற்கும் கேமரா, உறங்கும் தம்பதியை இரவு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறது; நெடுநேரம் எதுவும் நடப்பதில்லை; கதவு ஓர் அங்குலம் அசைகிறது. கொட்டகையில் மொத்தக் கூட்டமும் வீறிடுகிறது. அதன் விளம்பரத்தில் படத்தின் காட்சிகளுக்கு ஈடாக, இருட்டில் அமர்ந்திருக்கும் பார்வையாளர்களின் முகங்களே காட்டப்பட்டன. விநியோகஸ்தர் விற்ற சரக்கு எது என்பதை இதைவிடப் பகிரங்கமாக ஒப்புக்கொள்ள முடியாது. உலக வசூல் 19 கோடி டாலரைத் தாண்டியது. ஆக, 1999-இல் ஜனங்களை நடுங்கச் செய்ததற்கு அவர்கள் ஏமாந்தது மட்டுமே காரணமாகாது; அந்த ஏமாற்று, கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல் வேலையில் இறங்க அவர்களைச் சம்மதிக்கவைத்த ஓர் உபாயம் என்பதே பொருத்தம். உபாயம் பழசானபின்னும் வேலை கொடுக்கத் தெரிந்தவருக்குக் கூலி கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

மூவரின் கணக்கு

இந்தச் சரித்திரத்தில் பயனடையாதவர்கள் யார் என்று கேட்டால், விடை சங்கடமானது. செத்துப்போனவர்களாக உலகம் நம்பவேண்டும் என்பதற்காக, படம் வெற்றிநடை போட்ட ஆரம்ப நாட்களில் நடிகர்கள் மூவரும் பொதுமக்கள் கண்ணில் படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். ஹெதரின் தாயாருக்கு அனுதாபக் கடிதங்கள் வந்தன. தாங்களே பேசிய வசனத்துக்கும், தாங்களே எடுத்த காட்சிகளுக்கும், இழந்த சொந்தப் பெயர்களுக்கும் ஈடாக, கோடிகளில் அவர்களுக்குக் கிடைத்த பங்கு அற்பமே. இரண்டாம் பாகத்தின்போது தங்கள் பெயரையும் உருவத்தையும் அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்காக ஆர்ட்டிஸன்மீது அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அது சமரசத்தில் முடிந்தது. ஹெதர் சில வருஷங்களில் நடிப்பையே விட்டுவிட்டார்.

2024-ஆம் வருஷம் ஏப்ரலில், உரிமை இப்போது யாரிடம் இருக்கிறதோ அந்த லயன்ஸ்கேட் நிறுவனம் மீண்டும் ஒரு புதிய பதிப்பு எடுக்கப்போவதாக அறிவித்ததும், மூவரும் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்கள். தொழிற்சங்கப் பாதுகாப்பு இருந்திருந்தால் தங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய தொடர்வருமானத்தைக் கணக்கிட்டுத் தரவேண்டும், தங்கள் பெயரையோ உருவத்தையோ கதையோடு பிணைக்குமுன் கலந்தாலோசிக்கவேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளோடு மூன்றாவதாக ஒன்றும் அதில் இருந்தது: பெயர் தெரியாத ஓர் இளம் படைப்பாளிக்கு, தங்கள் படத்தின் செலவுத் தொகையான 60,000 டாலரை வருஷந்தோறும் நிறுவனம் மானியமாகக் கொடுக்கவேண்டும்.

நம்பியவர்கள், நம்பாதவர்கள், குமட்டலோடு வெளியேறியவர்கள், ஊர்ப்பலகையைத் திருடியவர்கள் ஆகிய எல்லாரும் சேர்ந்து செலுத்திய 24 கோடி டாலரை எதிரில் வைத்துப் பார்த்தால், அந்த மூன்றாவது கோரிக்கை மிகவும் அடக்கமானது. திரையில் இல்லாத ஒருத்தியைக் கண்டு நடுங்கும் பாக்கியத்தை ஜனங்களுக்கு அளித்தவர்கள், பசித்த வயிற்றோடு காட்டில் நடந்த அம்மூவரே. குறைந்த பணத்தில் பெரிய காரியம் செய்யலாம் என்று இப்படத்தை மேற்கோள் காட்டும் தயாரிப்பாளர்கள், அந்தக் குறைவு யாருடைய பங்கிலிருந்து மிச்சம் பிடிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே எழுதி வைப்பது நலம்.